செடி பட்டு அரிக்கிறதா? பச்சிலை வைத்தியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செடிகளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் கையை நீட்டி, "இதுக்கு என்ன இலை தடவலாம்?" என்று கேட்டுவிடுகிறார். பதிலுக்கு நான் "எந்தச் செடி பட்டது?" என்று கேட்பேன். அதில் பலருக்குச் சலிப்பு. ஆனால் அது தெரியாமல் இலையின் பெயரைச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

செடி பட்டா ஏன் அரிக்குது? அரிக்கிற செடி எல்லாமே விஷச் செடியா?

அரிப்பு ஒன்றுதான், வரும் வழிகள் பல. செந்தட்டி (காஞ்சொறி என்றும் சொல்வார்கள்), பூனைக்காலி போன்றவற்றில் சுணை இருக்கிறது. அந்த மயிர் தோலில் குத்தி, உள்ளே இருக்கும் பொருளை இறக்குகிறது. சேம்பு, கருணை வகைகளில் கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. எருக்கு, கள்ளி, தில்லை போன்றவற்றின் பால் தோலை நேரடியாகப் புண்ணாக்குகிறது.

நான்காவது வழி ஒவ்வாமை. சேராங்கொட்டையின் எண்ணெய், மாம்பால், பார்த்தீனியம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இங்கே தொந்தரவைப் பெரிதாக்குவது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்திதான். அதனால் ஒருவருக்குக் கொப்புளமே வரும், பக்கத்தில் நின்றவருக்கு ஒன்றுமே ஆகாது. ஐந்தாவதாக, சாறும் வெயிலும் சேர்ந்தால் மட்டும் தோலைச் சுடும் செடிகள் உண்டு. அதைப் பின்னால் எலுமிச்சைக் கேள்வியில் பார்க்கலாம்.

சரி, பட்டுடுச்சு. முதல்ல என்ன செய்யணும்?

தேய்க்காதீர்கள், சொறியாதீர்கள். சுணை பட்ட இடத்தைத் தேய்த்தால் அரைகுறையாக நிற்கும் மயிர்களும் உள்ளே போய்விடும். ஒட்டும் டேப் இருந்தால் மெதுவாக ஒட்டி, ஒரே இழுப்பில் உரியுங்கள். புதிய துண்டு எடுத்து இரண்டு மூன்று முறை செய்யலாம். அப்புறம் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துணியால் அழுத்தித் துடைக்க வேண்டாம், ஒற்றி எடுத்தால் போதும்.

எண்ணெயோ பாலோ பட்டிருந்தால் டேப் தேவையில்லை, நேராகச் சோப்பும் தண்ணீரும்தான். எண்ணெய் சில நிமிடங்களிலேயே தோலுக்குள் இறங்கத் தொடங்கிவிடும். அதனால் இலை தேடி அலையும் நேரத்தில் கழுவிவிடுவது நல்லது. நகத்தின் இடுக்கையும் கழுவுங்கள். போட்டிருந்த துணியை மாற்றி, மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.

கழுவியாச்சு. இப்பவாவது எந்த இலைன்னு சொல்லுங்க.

சோற்றுக் கற்றாழை. ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் என் பதில் அதுதான். அதன் சோறு குளிர்ச்சி தருகிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, தோலில் மெல்லிய படலமாக நிற்கிறது. அரிப்பைப் பொறுத்துக்கொள்ள இந்த மூன்றும் உதவும். விஷத்தை முறிக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். தோல் தானாக ஆறும் வரை அதற்கு இதமாக இருப்பதுதான் இலையின் வேலை. இந்தப் பக்கத்தில் வரும் எல்லா இலைக்கும் இது பொருந்தும்.

கற்றாழையை எடுக்கும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். அதுவே சிலருக்கு எரிச்சல் தரும். வெட்டிய மடலைப் பத்து நிமிடம் செங்குத்தாக நிறுத்தி வைத்து மஞ்சள் பாலை வடியவிட்டு, பச்சைத் தோலைச் சீவி எறிந்து, உள்ளே கண்ணாடி போல இருக்கும் சோற்றை மட்டும் கழுவி எடுங்கள். தோல் பிய்ந்து புண்ணாக இருந்தால் எதையும் தடவ வேண்டாம்.

வேப்பிலையைக் கொதிக்க வைத்து ஆறிய நீரால் கழுவுவது, குப்பைமேனி இலையை அரைத்துப் பூசுவது எல்லாம் வழிவழியாக வருபவை. ஆறிய நீரில் கழுவினால் குளிர்ச்சி கிடைக்கும், அந்த அளவில் நல்லதே. குப்பைமேனியில் மஞ்சளும் உப்பும் சேர்த்துத் தேய்ப்பதைப் புதிதாகத் தடித்த தோலுக்கு நான் சொல்ல மாட்டேன். உப்பு உராயும், எரியும். மஞ்சளே சிலருக்கு ஒவ்வாமை தரும்.

செந்தட்டி முளைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே அதுக்கு மாற்று இலையும் முளைச்சிருக்கும்னு சொல்வாங்களே, உண்மையா?

கேட்க அழகாக இருக்கும் நம்பிக்கை, உலகம் முழுக்க இருக்கிறது. இங்கிலாந்தில் நெட்டில் என்ற சுணைச் செடி பட்டால் டாக் என்ற செடியின் இலையைத் தேய்ப்பார்கள். டாக் வேறு எதுவும் இல்லை, நம் சுக்காங்கீரையின் நெருங்கிய உறவு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளர்வதற்குக் காரணம் எளிமையானது. இரண்டுக்குமே கிளறிவிட்ட, சத்துள்ள மண் பிடிக்கும்.

நெட்டில் அமிலத்தைக் குத்துகிறது, டாக் இலையின் காரம் அதை முறிக்கிறது என்று விளக்கம் சொல்வார்கள். இரண்டு பாதியிலும் ஓட்டை. சுணைக்குள் ஃபார்மிக் அமிலம் இருப்பது உண்மை, ஆனால் கூடவே அரிப்பையும் வலியையும் தூண்டும் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரட்டோனின் ஆகியவையும் இருக்கின்றன. 2006-இல் தைவானில் ஒரு நெட்டில் வகையை ஆராய்ந்தவர்கள், நீடிக்கும் வலிக்கு முக்கியக் காரணம் ஆக்ஸாலிக் அமிலமும் டார்டாரிக் அமிலமும் என்று கண்டார்கள். டாக் இலைச் சாறோ காரம் இல்லை, புளிப்பு. அதிலேயே ஆக்ஸாலிக் அமிலம் இருக்கிறது.

அப்படியானால் தேய்த்தவர்களுக்கு எப்படிச் சரியானது? ஈர இலை குளிர்ச்சி தரும், தேடும் நேரத்தில் கவனம் திரும்பும், சாதாரண நெட்டில் கடி சில மணி நேரத்தில் தானே அடங்கும். நம் செந்தட்டி வேறு குடும்பம், குத்தும் விதமும் வேறு. அதன் சுணை நுனியில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசி ஒன்று நிற்கும். அதுவும் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். எந்த இலையைத் தேய்த்தாலும் பெயர் அந்த இலைக்குத்தான் போகிறது.

காசித்தும்பை இனத்துச் செடி ஒண்ணு கைகண்ட மருந்துன்னு படிச்சேன். அதுவும் கட்டுக்கதையா?

முழுக் கட்டுக்கதை இல்லை. வட அமெரிக்காவில் நச்சுப் படர்கொடி ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் பாய்சன் ஐவி என்பார்கள். அதன் எண்ணெய்க்கு உருஷியால் என்று பெயர். அந்த எண்ணெய் பட்டால் அங்கே வளரும் ஜுவல்வீட் என்ற காட்டுக் காசித்தும்பையின் தண்டை நசுக்கித் தேய்ப்பது பழங்குடி மக்களின் வழக்கம். 1997-இல் அதன் சாற்றை வைத்துச் சோதித்ததில் பயன் எதுவும் தெரியவில்லை. 2012-இல் வேறொரு குழு பச்சைச் செடியை நசுக்கியே சோதித்தது. எண்ணெய் பட்ட உடனே தேய்த்தால் தடிப்பு ஓரளவு குறைந்தது. ஆனால் அதே சோதனையில் சோப்பு அதைவிட நன்றாக வேலை செய்தது.

அந்தச் செடியில் இயற்கையாகவே நுரைக்கும் பொருள், அதாவது சபோனின், இருக்கிறது. எண்ணெயைக் கழுவி எடுக்கும் வேலையைத்தான் அது செய்கிறது என்று அடுத்து வந்த ஆய்வு காட்டியது. சோப்பு இல்லாத காட்டில் அந்த வழக்கம் அறிவார்ந்ததுதான். பையில் சோப்பு இருக்கும்போது செடியைத் தேடுவதற்குக் காரணம் இல்லை. தடிப்பு வந்த பிறகு தேய்ப்பதற்கு இன்னும் காரணம் இல்லை, கழுவுவதற்கு எண்ணெய் அப்போது மேலே இருக்காது.

பூனைக்காலி பட்டு உயிரே போகுது. அலர்ஜி மாத்திரை போட்டும் நிக்கலையே?

நிற்காது. அலர்ஜி மாத்திரை தடுப்பது ஹிஸ்டமினை. பூனைக்காலிக் காயின் பொன்னிற மயிரில் இருப்பது முகுனெயின் என்ற நொதி. 1950-களிலேயே அதை அடையாளம் கண்டுவிட்டார்கள். அது நரம்பு முனைகளில் இருக்கும் வேறொரு ஏற்பியை, அதாவது பொருளை உணர்ந்து தூண்டப்படும் புரதத்தை, தட்டி எழுப்புகிறது என்பது 2008-இல் தெளிவானது. ஹிஸ்டமின் இல்லாமலே அரிப்பு வரும் என்பதற்கு ஆய்வுக்கூடங்களில் இந்த மயிரைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

எனவே மயிரை எடுப்பதுதான் வைத்தியம். டேப், பிறகு நிறையத் தண்ணீர், பிறகு குளிர்ந்த ஒத்தடம். துணியை உதறாதீர்கள். மயிர் காற்றில் பறந்து கழுத்திலும் கண்ணிலும் விழும், பக்கத்தில் இருப்பவரையும் பிடிக்கும். சாணியைப் பூசினால் மயிர் வந்துவிடும் என்பார்கள். சொறிந்து கீறலான தோலில் சாணியைப் பூசுவது டெட்டனஸுக்கு வழி திறந்துவிடுவது. அதை மட்டும் செய்ய வேண்டாம்.

சேராங்கொட்டை பட்டது முந்தாநாள். இன்னிக்குத்தான் கொப்புளம் வருது. அது எப்படி?

முதல் கேள்வியில் சொன்ன ஒவ்வாமை இப்படித்தான் நேரம் எடுக்கும். உருஷியால் வகை எண்ணெய் தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது, நம் வெள்ளணுக்கள் அதை அந்நியமாகக் கண்டு படை திரட்டி வர ஒன்றிரண்டு நாள் ஆகிறது. வந்த பிறகு அடங்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். சேராங்கொட்டைச் சாறு செறிவாகப் பட்டால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் உடனே புண்ணாகும்.

புதுப்புது இடத்தில் கொப்புளம் கிளம்புவதைப் பார்த்துப் பரவுகிறது என்று பயப்படுவார்கள். தோல் மெல்லிய இடத்தில் சீக்கிரமும் தடித்த இடத்தில் தாமதமாகவும் வரும், அவ்வளவுதான். இல்லையென்றால், கழுவாத கத்தி, செருப்பு, கைப்பிடி எதிலோ எண்ணெய் இன்னும் ஒட்டியிருக்கிறது. உலர்ந்த எண்ணெய் மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் கழித்தும் வேலையைக் காட்டும். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய், மாங்காய்க் காம்பின் பால் எல்லாம் இதே குடும்பம். ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

கொப்புளத் தண்ணி பட்டா வீட்ல மத்தவங்களுக்கும் வருமா?

வராது. அந்த நீர் நம் உடம்பு ஊறவைத்தது, செடியின் எண்ணெய் அதில் இல்லை. கொப்புளத்தை உடைக்காமல் விடுங்கள்.

எருக்கம்பால் கண்ணுல தெறிச்சிடுச்சு. வலி இல்ல, அப்படியே விட்டுடலாமா?

விடவே கூடாது. எருக்கம்பாலில் இருக்கும் பெரிய ஆபத்தே வலி தெரியாததுதான். கருவிழியின் உள்பக்கச் செல்களைப் பாதித்து, கருவிழி வீங்கி, சில மணி நேரத்தில் பார்வை மங்கலாகும். வலி இல்லையே என்று தூங்கப் போனவர், எழும்போது புகைமூட்டமாகப் பார்ப்பார். கள்ளிப்பால் இதற்கு நேர்மாறு, தாங்க முடியாமல் எரியும்.

இரண்டுக்கும் ஒரே பதில்தான். இமையை விரித்துப் பிடித்துச் சுத்தமான நீரை இருபது நிமிடம் ஓடவிட்டு, அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். கண்ணில் இலைச்சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் விட வேண்டாம்.

எலுமிச்சம்பழம் தேய்ச்சா அரிப்பு எடுத்துடும்னு பாட்டி சொல்வாங்க. தேய்க்கலாமா?

வீட்டுக்குள் இருட்டில் உட்கார்ந்திருந்தால் எரிச்சலோடு போகும். தேய்த்துவிட்டு வெயிலில் போனால் கதையே வேறு. எலுமிச்சை வகைப் பழங்களில், முக்கியமாகத் தோலில், ஃபியூரனோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தீக்காயம் போலச் சிவந்து கொப்புளிக்கும். அடுத்த நாள் தொடங்கி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். ஆறிய பிறகும் கருப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும்.

அத்திமரப் பாலும் கார்போகரிசியும் இதே வகை. ஐரோப்பாவில் ஆளுயரத்தைத் தாண்டி வளரும் ஜயன்ட் ஹாக்வீட் செடியின் சாறு இதற்குப் பேர்போனது. இப்படிப்பட்ட சாறு பட்டால் கழுவிவிட்டு அந்த இடத்தை இரண்டு நாளாவது வெயில் படாமல் மூடி வையுங்கள்.

சேம்பு, கருணை வெட்டினா கை அரிக்குது. புளித்தண்ணில கழுவினா ஊசி கரைஞ்சிடும்கிறாங்களே?

கரையாது. அந்த ஊசிகள் கால்சியம் ஆக்ஸலேட். வினிகரிலேயே கரையாத பொருள் புளித்தண்ணீரில் எங்கே கரையும்? தண்ணீர் ஓடி அடித்துக்கொண்டு போவதால் கொஞ்சம் குறையும், அதற்கு வெறும் நீரே போதும். இங்கும் டேப் உதவும். அடுத்த முறை கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தை இதுபோன்ற செடியைப் பச்சையாகக் கடித்து, வாயோ நாக்கோ வீங்கினால் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சப்பாத்திக்கள்ளி முள்ளு, மயிர் மாதிரி நூறு ஏறிடுச்சு.

பெரியவற்றை இடுக்கியால் எடுத்துவிட்டு, மீதி இடத்தில் வெள்ளைப் பசையைத் தடவி, மேலே மெல்லிய துணியை விரித்து, நன்றாகக் காய்ந்த பின் உரியுங்கள். இடுக்கி முதலில், பசை அப்புறம் என்ற வரிசை முக்கியம். வாயால் கடித்து இழுக்காதீர்கள், உதட்டில் ஏறிக்கொள்ளும்.

பார்த்தீனியம் எனக்கு ஒத்துக்காது. அரிக்கிற இடத்துல வெட்டுக்காயப் பூண்டு வெச்சேன், இன்னும் மோசமாச்சு. ஏன்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டபோது எனக்கே சுவாரசியமாக இருந்தது. பார்த்தீனியமும் வெட்டுக்காயப் பூண்டும் ஒரே குடும்பம், சூரியகாந்திக் குடும்பம். சாமந்தி, கரிசலாங்கண்ணி, மருந்துக் களிம்புகளில் வரும் கேலண்டுலா, கெமோமில் எல்லாமே அதில்தான் வருகின்றன. பார்த்தீனியத்தில் ஒவ்வாமை தருவது செஸ்க்விடெர்பீன் லாக்டோன் வகைப் பொருள். அந்த வகைப் பொருள்கள் இந்தக் குடும்பத்தில் பரவலாக இருக்கின்றன. ஒன்றுக்குப் பழகிப் பகைத்த உடம்பு, சொந்தக்காரரைப் பார்த்தாலும் சண்டைக்கு வரும்.

பார்த்தீனிய ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தக் குடும்பத்து இலை எதையும் தோலில் வைக்காமல் இருப்பது நல்லது. "இயற்கை" என்று எழுதிய களிம்பு வாங்கும்போதும் உள்ளடக்கத்தைப் படியுங்கள். கற்றாழை வேறு குடும்பம். வல்லாரையும் வேறு குடும்பம்தான், ஆனால் அது அரிதாகத் தனியாகவே ஒவ்வாமை தரும்.

புது இலையை வைக்கலாமா வேண்டாமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முன்கையின் உள்பக்கம், நல்ல தோலில், ஒரு ரூபாய் நாணய அளவு பூசி, கட்டி விட்டு இரண்டு நாள் பாருங்கள். ஏன் இரண்டு நாள் என்பதற்குச் சேராங்கொட்டைப் பதிலே காரணம். அரிப்பு வந்த அன்று சோதித்துப் பார்க்க நேரம் இருக்காது, எனவே சும்மா இருக்கும் நாளில் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

செடியை அடையாளம் காண்பதில் அவசரம் கூடாது. குப்பைமேனியும் செந்தட்டியும் ஒரே குடும்பம், ரம்பப் பல் இலையைப் பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு. குப்பைமேனி நேராக நிற்கும், பூவுக்கு அடியில் கிண்ணம் போலச் சிற்றிலை இருக்கும். செந்தட்டி எதையாவது சுற்றிப் படரும், தண்டிலும் இலையிலும் விறைப்பான மயிர் நிற்கும். கிள்ளினால் வெள்ளைப் பால் வரும் செடி எதுவாக இருந்தாலும் அரிக்கும் தோலில் வைக்காதீர்கள். களைக்கொல்லி அடித்த இடத்திலும் சாக்கடை ஓரத்திலும் பறிக்காதீர்கள்.

வெளியே பூசுறதை உள்ளுக்கும் குடிச்சா சீக்கிரம் குணமாகுமா?

வேண்டாம். குப்பைமேனியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு பிறவியிலேயே சிலருக்கு இருக்கும், பலருக்கு அது இருப்பதே தெரியாது. அவர்கள் குப்பைமேனியை உட்கொண்டு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மருத்துவமனையில் சேர்ந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. வேப்பெண்ணெயைச் சிறு குழந்தைகளுக்குப் புகட்டி வலிப்பு வரை போனதும் பதிவாகியிருக்கிறது. தோலில் வந்த சிக்கலைத் தோலோடு முடித்துக்கொள்வோம்.

சுணை பட்டு மாசக்கணக்கில் வலிக்கும் செடி இருக்குன்னு சொல்றது நிஜமா?

நிஜம். ஆஸ்திரேலியாவின் மழைக்காடுகளில் வளரும் கிம்பி-கிம்பி. அதன் மயிரில் தேள், சிலந்தி நஞ்சைப் போல நரம்பைத் தாக்கும் சிறு புரதங்கள் இருப்பதை 2020-இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அங்கேயும் முதலுதவி மயிர் நீக்கும் மெழுகுப் பட்டைதான். பக்கத்தில் வளரும் ஒரு செடியின் சாறு இதற்கு மருந்து என்ற நம்பிக்கை அங்கேயும் உண்டு.

எப்போ பச்சிலையை விட்டுட்டு டாக்டர்கிட்ட போகணும்?

மூச்சுத் திணறல், உதடு, முகம், தொண்டை வீக்கம் என்றால் உடனே. நச்சுச் செடியை எரித்த புகையை இழுத்திருந்தாலும் உடனே, எண்ணெய் புகையோடு சேர்ந்து நுரையீரலுக்குள் போகும். கண், பிறப்புறுப்பு, உடம்பில் பெரும்பகுதி பாதித்திருந்தாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ, தூங்க முடியாத அளவு அரித்தாலோ அன்றே போங்கள். கடுமையான ஒவ்வாமைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். இரண்டு நாளில் அடங்கிவிட்டது என்று நிறுத்தினால் திரும்பக் கிளம்பும்.

எனக்கு இதெல்லாம் ஒண்ணும் பண்ணாது. சேராங்கொட்டையை வெறுங்கையாலயே எடுப்பேன். பழகிட்டா சரியாகிடும்ல?

பெரும்பாலும் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கும். முதல் சில முறை உடம்பு அந்தப் பொருளை அறிமுகம் செய்துகொள்கிறது, அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. பகைத்துக்கொண்ட பிறகு, துளி பட்டாலும் காட்டிவிடும். பல ஆண்டுகள் ஒன்றும் ஆகாமல் இருந்தவருக்குத் திடீரென்று வருவதும் உண்டு. கையுறை போடுங்கள், அதுவும் தடித்த வினைல் கையுறையாகப் பார்த்து. மெல்லிய ரப்பர் கையுறை வழியாக இந்த எண்ணெய் ஊடுருவிவிடும். வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றும் முன்பே அதன் மேல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.